டிஸ்சார்ஜ் புக்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு: பட்டாளத்து ரெக்கார்டைத் திருத்துறது எப்படி

போன மாசம் ஒரு அக்கா வந்தாங்க, கையில மஞ்சப்பை, பையில வீட்டுக்காரரோட டிஸ்சார்ஜ் புக்கு, பிபிஓ (பென்ஷன் உத்தரவு), ஈசிஎச்எஸ் கார்டு (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டை), ரெண்டு பேரும் சேந்து எடுத்த பழைய ஜாயின்ட் போட்டோ, கூடவே லேமினேஷன் பண்ணின இறப்புச் சான்றிதழ். வீட்டுக்காரர் ஹவில்தாரா ரிட்டயர் ஆனவர். இவங்க பேரு ஆதார்ல மகாலட்சுமி, பிபிஓல லெட்சுமி. ஊர்ல, வீட்ல, புருஷன் வாயில எல்லாமே லெட்சுமிதான், அவரும் யூனிட்ல ஃபார்ம் நிரப்பும்போது வாயில வந்ததை எழுதிக் கொடுத்துட்டாரு, 30 வருஷமா யாருக்கும் அது தப்பாத் தெரியல. அவர் போனதுக்கப்புறம் ஃபேமிலி பென்ஷனுக்குப் போனா கேக்குறாங்க, இந்த லெட்சுமி யாரு, அந்த மகாலட்சுமி யாருன்னு.

அவர் உயிரோட இருந்தப்பவே செஞ்சிருந்தா அவர் கையெழுத்துல ஒரு லெட்டர், ஒரு அஃபிடவிட், ரெண்டு பேப்பர் விளம்பரம்னு முடிஞ்சிருக்கும். இப்போ அந்தக்கா தான் தான்தான்னு தானே நிரூபிக்கணும், அதுவும் பென்ஷன் வராத மாசங்கள்ல.

நான் ஆர்மியில கிளார்க்கா இருந்தவன். பட்டாலியன்ல எத்தனையோ பேரோட கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் லீவுக்கும் பார்ட் டூ ஆர்டர் (ரெக்கார்டுல ஏத்தறதுக்காக யூனிட் வெளியிடற உத்தரவு) டைப் அடிச்சிருக்கேன், ஆனா என் ரெண்டாவது பொண்ணு பொறந்ததுக்குப் போட மறந்துட்டேன், ரிட்டயர் ஆகி ரயில்ல உக்காந்து டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டும்போதுதான் தெரிஞ்சுது. வீட்ல இன்னைக்கு வரைக்கும் அந்தக் கதையை வச்சு ஓட்டுறாங்க. அதனால யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதல. ஜவான், ஜேசிஓவா (சுபேதார் மாதிரி ரேங்க்ல) இருந்து வந்தவங்க, அவங்க மனைவி, பிள்ளைங்க, யாராயிருந்தாலும் இந்த வேலையை முதல் தடவையா செய்யறவங்களுக்காக எழுதறேன். ஆபீசர்களுக்கு வழி வேற, அவங்க ரெக்கார்டு டெல்லி தலைமையகத்துல இருக்கும், அதை இங்க தொடல.

மடை எங்க இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

நம்மாளுங்க முக்காவாசிப் பேர் தப்பு பண்றது இங்கதான். பேரு தப்பா இருக்குன்னா நேரா பேங்க்குக்குப் போறாங்க, அப்புறம் ஈசிஎச்எஸ்க்குப் போறாங்க, அப்புறம் ஸ்பர்ஷ்ங்கற ஆன்லைன் பென்ஷன் தளத்துல ஒரு கம்ப்ளைன்ட் போட்டுட்டு ஆறு மாசம் உக்காந்திருக்காங்க. மடை அடைச்சிருக்கும்போது வயல்ல நின்னு கத்தி என்ன பிரயோஜனம்?

மடை ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கு. நீங்க சர்வீஸ்ல இருந்தப்போ நடந்த ஒவ்வொண்ணும், சேந்தது, போஸ்டிங், ப்ரமோஷன், கல்யாணம், குழந்தை எல்லாமே யூனிட்ல பார்ட் டூ ஆர்டரா வெளியாகி, ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கற உங்க ஷீட் ரோல்ல, அதாவது சர்வீஸ் பதிவேட்டுல, ஏறும். ரிட்டயர் ஆகும்போது ஷீட் ரோலைப் பாத்துதான் டிஸ்சார்ஜ் புக் எழுதுவாங்க, பென்ஷன் பேப்பரும் அதை வச்சுதான் தயாராகி பிரயாக்ராஜ்ல இருக்கற பிசிடிஏ (ராணுவக் கணக்குத் துறை) பென்ஷன் ஆபீஸுக்குப் போகும், அங்க பிபிஓ போடுவாங்க. பிபிஓல இருக்கறதுதான் ஸ்பர்ஷ்ல ஏறியிருக்கு. ஈசிஎச்எஸ் கார்டும் ஜில்லா ஆபீஸ்ல வாங்கின எக்ஸ் சர்வீஸ்மேன் அட்டையும் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ ரெண்டையும் பாத்துக் கொடுத்தது. ஆக மேல ஒரு எழுத்து தப்புன்னா கீழ அத்தனையிலயும் அதே தப்பு இருக்கும், கீழ எங்க திருத்தினாலும் மேல திருந்தாது.

விதிவிலக்கு ஒண்ணு உண்டு. ஷீட் ரோல்லயும் பிபிஓலயும் சரியா இருந்து ஸ்பர்ஷ்ல மட்டும் தப்பா இருந்தா, பேங்க்லேருந்து ஸ்பர்ஷுக்கு மாத்தும்போது ஏறின தப்பு அது. ரெக்கார்ட் ஆபீஸ் வரைக்கும் போகவே வேண்டாம், பிபிஓ காப்பியை வச்சு ஸ்பர்ஷ்லயே திருத்தச் சொல்லிக் கேக்கலாம்.

ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போடுங்க

லெட்டர் எழுத உக்காரறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க, சலிப்பா இருந்தாலும் செய்யுங்க. இடது பக்கம் வரிசையா டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, கரிஜெண்டம் பிபிஓ (திருத்தம் போட்டு வந்த பிபிஓ) இருந்தா அது, ஸ்பர்ஷ், ஆதார், பான், பேங்க் பாஸ்புக், ஈசிஎச்எஸ் கார்டு. மேல வரிசையா உங்க பேரு, பிறந்த தேதி, மனைவி பேரு, மனைவி பிறந்த தேதி, ஒவ்வொரு பிள்ளை பேரும் பிறந்த தேதியும். ஒவ்வொரு கட்டத்துலயும் அந்தப் பேப்பர்ல இருக்கற இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை எழுத்து எழுத்தா அப்படியே எழுதுங்க, இடைவெளி எங்க விட்டிருக்கு, புள்ளி எங்க இருக்குங்கறது உட்பட. கண்ணால பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், எழுதும்போதுதான் ஒரு எச்சு கூடுதலா நிக்கறது தெரியும்.

நம்ம ஊருக்காரங்களுக்குன்னே வர்ற வியாதி இனிஷியல். அப்பா பேரு சுப்பிரமணியன், பையன் பேரு முருகன்னா நாம எஸ்.முருகன்னு எழுதுவோம். வடக்க இருக்கற ஒரு கிளார்க்குக்கு அந்த எஸ் என்னன்னு தெரியாது, ஒரு பேப்பர்ல முருகன் எஸ், இன்னொண்ணுல எஸ் முருகன், பான் கார்டுல இனிஷியல் கூடாதுங்கறதால சுப்பிரமணியன் முருகன், மனைவி பேருக்குப் பின்னாடி ஒண்ணுல அப்பா இனிஷியல், ஒண்ணுல புருஷன் இனிஷியல். ஆளு ஒருத்தர், கம்ப்யூட்டருக்கு நாலு பேர். போதாததுக்கு ழ, ற, ண எல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங். தமிழரசிங்கற ஒரு பேரை ஒரே குடும்பத்துப் பேப்பர்ல மூணு விதமாப் பாத்திருக்கேன்.

கட்டம் போட்டு முடிச்சதும் எது நிஜமான தப்பு, எது தப்பே இல்லைன்னு பிரிங்க. ஊர் ஜில்லா விஷயத்துல நிறையப் பேர் தேவையில்லாம அலையறாங்க. டிஸ்சார்ஜ் புக்ல வட ஆற்காடுன்னு இருக்கும், ஆதார்ல ராணிப்பேட்டைன்னு இருக்கும். வட ஆற்காட்டை 1989ல ரெண்டாப் பிரிச்சாங்க, வேலூரை மறுபடி 2019ல பிரிச்சாங்க, நீங்க பட்டாளத்துல சேந்தப்போ ராணிப்பேட்டைன்னு ஒரு ஜில்லாவே கிடையாது. இதெல்லாம் திருத்த வேண்டிய விஷயம் இல்ல, இப்போ இருக்கற முகவரியை ஸ்பர்ஷ்ல மாத்திக்கிட்டா போதும்.

பட்டாளத்து ரெக்கார்டை மாத்தறதா, ஆதாரை மாத்தறதா

இதை யாருமே யோசிக்கறதில்ல. ரெண்டு பேப்பர்ல ரெண்டு பேருன்னா எதை மாத்தினாலும் பொருந்தும், அப்போ எது சுலபமோ அதை மாத்தலாமே? ஒரு எழுத்து, ஒரு இனிஷியல் வித்தியாசம்னா, பான், பாஸ்புக் எல்லாம் பட்டாளத்து ஸ்பெல்லிங்லயே இருந்தா, ஆதாரை மட்டும் அதுக்கேத்த மாதிரி மாத்திட்டுப் போறது நல்லது, ஆதார் மையத்துல முடியற வேலை. ஆனா ஆதார்ல பேரை வாழ்நாள்ல ரெண்டே தடவைதான் மாத்தலாம், பிறந்த தேதியை ஒரு தடவைதான், அதனால கைக்கு வந்தபடி மாத்திடாதீங்க.

மனைவி பேரே வேற, லெட்சுமி மகாலட்சுமி மாதிரி, இல்ல வீட்ல கூப்பிடற செல்லப் பேரு ரெக்கார்டுல ஏறியிருக்கு, இல்ல பிள்ளை பேரே இல்லன்னா ரெக்கார்ட் ஆபீஸ் வழிதான். அவங்களோட ஸ்கூல் சர்டிபிகேட், பிள்ளைங்க சர்டிபிகேட்ல இருக்கற அம்மா பேரு, வீட்டுப் பத்திரம் எல்லாம் மகாலட்சுமின்னு இருக்கும்போது ஆதாரை மட்டும் லெட்சுமியாக்கினா நாளைக்கு வேற பக்கம் இடிக்கும்.

கையில என்னென்ன வேணும்

ஒவ்வொரு ரெக்கார்ட் ஆபீஸும் கேக்கற லிஸ்ட் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படும். என் அனுபவத்துல நல்ல வழி, முதல்ல என்ன திருத்தம் வேணும்னு ஒரு லெட்டர் போட்டு என்னென்ன பேப்பர் அனுப்பணும்னு கேளுங்க, பதில்ல அஃபிடவிட் எப்படி எழுதணும்ங்கற மாதிரியையும் சேத்து அனுப்பறது உண்டு. அவங்க மாதிரியில எழுதினா திரும்பி வராது.

பொதுவா மனைவி பேரு திருத்தத்துக்கு, ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு சொல்ற அஃபிடவிட், பழைய பேரு புதுப் பேரு ரெண்டையும் போட்டு ஒரு இங்கிலீஷ் பேப்பர்லயும் ஒரு தமிழ்ப் பேப்பர்லயும் விளம்பரம், ஆதார், பான், ஸ்கூல் சர்டிபிகேட் இருந்தா அது, டிஸ்சார்ஜ் புக், பிபிஓ நகல், ஜாயின்ட் போட்டோ. அஃபிடவிட்டை நோட்டரிகிட்ட வாங்கினா போதுமா, மாஜிஸ்ட்ரேட்கிட்ட வாங்கணுமாங்கறதை மறக்காம முன்னாடியே கேட்டுருங்க, இது ஒண்ணுக்காகவே திரும்பி வந்த ஃபைல் எத்தனையோ. விளம்பரத்துல உங்க ஆர்மி நம்பர், ரேங்க், பேரு, அஃபிடவிட் தேதி எல்லாம் வரணும், சும்மா லெட்சுமி என்ற நான் இனி மகாலட்சுமின்னு மட்டும் போட்டா அது எந்த லெட்சுமின்னு ரெக்கார்ட் ஆபீஸ்காரருக்கு எப்படித் தெரியும்? பேப்பரோட முழுப் பக்கத்தையும் எடுத்து வைங்க, விளம்பரத்தை மட்டும் கத்தரிச்சா பேப்பர் பேரும் தேதியும் போயிரும்.

பிள்ளை பேரைச் சேக்கணும்னா பிறப்புச் சான்றிதழ்தான் முக்கியம், அதுல அப்பா பேரும் அம்மா பேரும் ரெக்கார்டுல இருக்கற மாதிரியே இருக்கான்னு பாருங்க. அம்மா பேரே தப்பா இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணிட்டு அப்புறம் பிள்ளைக்கு வாங்க, ரெண்டையும் ஒரே லெட்டர்ல போட்டா ஒண்ணுக்காக இன்னொண்ணும் சேந்து நிக்கும்.

டிஸ்சார்ஜ் புக்கே தொலைஞ்சு போச்சுன்னா போலீஸ்ல தொலைஞ்சதுக்கான ரிப்போர்ட் வாங்கி, அதோட ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்க. ஒரிஜினலை யாராவது அனுப்பச் சொன்னா, ரெக்கார்ட் ஆபீஸே எழுத்துல கேட்டிருந்தா மட்டும் அனுப்புங்க, அதுவும் எல்லாப் பக்கத்தையும் கலர்ல ஸ்கேன் பண்ணி வச்சுட்டு.

லெட்டர்

லெட்டர் இங்கிலீஷ்ல இருக்கட்டும், இல்ல ஹிந்தியில. தமிழ்ல எழுதினா அங்க படிக்க ஆள் தேடணும். ஒரு பக்கம் தாண்டக் கூடாது. கார்கில்ல நின்னேன், சியாச்சின்ல பனியில கெடந்தேன்னு ஆரம்பிக்கறாங்க சிலர், வலி புரியுது, ஆனா கிளார்க் மேஜையில அந்தப் பக்கத்துல உக்காந்தவன் சொல்றேன், அவன் தேடறது நம்பரை.

மேல முதல் வரியில ஆர்மி நம்பர், கடைசியில இருக்கற அந்த ஒரு எழுத்தையும் விடாம. ஜேசிஓவா ரிட்டயர் ஆனவங்க ஜேசி நம்பரோட ஜவானா இருந்தப்போ இருந்த பழைய நம்பரையும் எழுதுங்க, நிறையப் பேர் இதை விட்டுடறாங்க, கல்யாணமும் முதல் குழந்தையும் பழைய நம்பர்லதானே ஏறியிருக்கும். அடுத்து ரேங்க், பேரு, கடைசியா இருந்த யூனிட், சேந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, பிபிஓ நம்பர். அப்புறம் ஒரே வரி, இன்ன பக்கத்துல இப்படி இருக்கு, இப்படி இருக்கணும். அதுக்குக் கீழ என்னென்ன இணைச்சிருக்கேன்னு நம்பர் போட்டு லிஸ்ட். உங்க மொபைல் நம்பர், கையெழுத்து. கையெழுத்து டிஸ்சார்ஜ் புக்ல போட்ட மாதிரியே இருக்கணும், அப்போ தமிழ்ல போட்டிருந்தா இப்பவும் தமிழ்லயே போடுங்க.

எந்த ரெக்கார்ட் ஆபீஸ்ங்கறது நீங்க இருந்த ரெஜிமென்ட் எது, கோர் (சிக்னல்ஸ் மாதிரி பிரிவு) எதுங்கறதைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, ஈஎம்ஈக்கும் ஆர்ட்னன்ஸுக்கும் செகந்திராபாத், ஏஎம்சிக்கு (மெடிக்கல் கோர்) லக்னோ. ஏர்ஃபோர்ஸ்காரங்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க், நேவி செய்லர்ஸுக்கு மும்பை மான்குர்த். ஆர்மி முடிச்சு டிஎஸ்சில (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) சேந்து ரெண்டாவது சர்வீஸ் போட்டவங்களுக்குக் கண்ணூர்ல தனி ரெக்கார்ட், அவங்க ரெண்டு எடத்துக்கும் எழுத வேண்டி வரலாம்.

லெட்டரை நேரா அனுப்பலாம், ஆனா முதல் தடவை செய்யறவங்க ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போங்க, நம்மாளுங்க இன்னமும் சைனிக் போர்டுன்னு சொல்ற அதே எடம்தான். பேப்பரைப் பாத்துக் குறை சொல்வாங்க, அவங்க வழியா ஃபார்வேர்ட் பண்ணினா கவரிங் லெட்டரோட போகும். காசு கிடையாது. வெளியில இதுக்குன்னே ரேட் போட்டு வாங்கற ஆளுங்க இருக்காங்க, அவங்களும் கடைசில இதே லெட்டரைத்தான் எழுதறாங்க. ஸ்பர்ஷ்லேருந்து பேசறேன், ஓடிபி சொல்லுங்கன்னு ஃபோன் வந்தா கட் பண்ணிட்டு வேலையைப் பாருங்க.

ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீதை லெட்டர் நகல் மேலயே பின் பண்ணி வைங்க. பின்னால ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரைக்கும் போக வேண்டி வந்தா அந்தச் சின்னச் சீட்டுதான் சாட்சி.

அனுப்பிட்டு காத்திருக்கற காலம்

மாசக்கணக்குல ஆகும், மனசைத் தயார் பண்ணிக்கோங்க. ஒரு மாசம் கழிச்சு ஒரு நினைவூட்டல் லெட்டர், அதுல பழைய லெட்டரோட தேதியும் ஸ்பீடு போஸ்ட் நம்பரும். தெனமும் ஃபோன் அடிச்சுக் கத்தறதால ஃபைல் நகராது, கத்தினவர் பேரு மட்டும் அந்த செக்ஷன்ல எல்லாருக்கும் மனப்பாடம் ஆகும்.

பதிலே இல்லன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப், அசாம் ரைஃபிள்ஸ் மாதிரிப் படைகளுக்கு அந்தச் சட்டத்துல விலக்கு இருக்கு, ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸுக்கு அப்படி இல்ல, உங்களைப் பத்தின ரெக்கார்டை நீங்க கேட்டு வாங்கலாம். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா மேல்முறையீடு. ஏன் திருத்தலன்னு கேக்காதீங்க, அதுக்குச் சுத்திவளைச்சு ஒரு பதில் வரும். என் ஷீட் ரோல் நகல், இன்ன தேதியில வெளியான பார்ட் டூ ஆர்டர் நகல், இன்ன தேதியில அனுப்பின என் லெட்டர் மேல எடுத்த நடவடிக்கையோட நகல்னு பேப்பரைக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சு சில பேருக்கு இவ்வளவு பேப்பரே தேவைப்படல, ஷீட் ரோல் நகல் வந்ததும் பாத்தா அங்க பேரு சரியாத்தான் இருக்கு, பிபிஓ அடிக்கும்போதுதான் தப்பாயிருக்கு. அப்படின்னா அஃபிடவிட், விளம்பரம் எதுவும் வேண்டாம், உங்க ரெக்கார்டுல இருக்கற மாதிரியே பிபிஓவைத் திருத்துங்கன்னு கேட்டா போதும். அதனால தப்பு யார் கையில நடந்ததுன்னு சந்தேகமா இருந்தா ஆர்டிஐயை முதல்லயே போட்டுருங்கன்னுதான் நான் சொல்வேன்.

பென்ஷன் இல்லாம பாதியில வந்தவங்களுக்கு ஒரு விஷயம். 15 வருஷம் முடிக்காம வந்த ஜவான்களோட முழு டாக்குமென்ட்ஸை 25 வருஷம்தான் வச்சிருப்பாங்க, அப்புறம் அழிச்சிருவாங்க, லாங் ரோல்னு ஒரு பெரிய ரெஜிஸ்டர்ல நம்பர், பேரு, சேந்தது, போனது மாதிரி சில வரி மட்டும் நிக்கும். அப்பாவோ மாமனாரோ அப்படி வந்தவர்னா அவர் கையில இருக்கற டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்தான் சொத்து, பத்திரமா எடுத்து வைங்க.

ரெக்கார்டு திருந்தினப்புறம்தான் பாதி வேலை

ரெக்கார்ட் ஆபீஸ் ஒத்துக்கிட்டா திருத்தத்துக்கு ஒரு பார்ட் டூ ஆர்டர் போட்டு உங்களுக்கு நகல் அனுப்புவாங்க. நிறையப் பேர் அதைப் பாத்ததும் முடிஞ்சிருச்சுன்னு பீரோவுல வச்சுடறாங்க. பிபிஓ இன்னும் மாறல. பேரு, மனைவி பிறந்த தேதி மாதிரி பிபிஓல இருக்கற விஷயம்னா கரிஜெண்டம் பிபிஓ வரணும், அதுக்கு ரெக்கார்ட் ஆபீஸ் பிரயாக்ராஜுக்கு அனுப்பியாச்சான்னு கேட்டு அனுப்பின லெட்டர் நம்பரை வாங்கிக்கோங்க. ஸ்பர்ஷ்ல உங்க ப்ரொஃபைலுக்குப் போய் அங்க மாறியிருக்கான்னு பாருங்க. லாகின் பண்ணத் தெரியலன்னா வெக்கப்படாதீங்க, காமன் சர்வீஸ் சென்டர், டிபிடிஓ (ராணுவப் பென்ஷன் பட்டுவாடா ஆபீஸ்), சென்னைப் பக்கம் இருக்கறவங்க தேனாம்பேட்டை சிடிஏ (ராணுவக் கணக்கு) ஆபீஸ், எங்க வேணா போகலாம், ஆதாரோட லிங்க் ஆன மொபைலைக் கையோட எடுத்துட்டுப் போங்க, அதை வீட்ல விட்டுட்டுத் திரும்பி வந்தவங்கதான் அதிகம்.

ஸ்பர்ஷ் மாறினப்புறம் ஈசிஎச்எஸ் கார்டு, ஜில்லா ஆபீஸ் அடையாள அட்டை, பேங்க். இந்த வரிசை மாறக் கூடாது.

இதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு கேக்கறவங்களுக்கு

மனைவி பிறந்த தேதி ஒரு உதாரணம். பழைய பிபிஓ நிறையத்துல மனைவி பேரே இருக்காது, இருந்தாலும் பிறந்த தேதி இருக்காது. ஃபேமிலி பென்ஷன்காரங்களுக்கு 80 வயசானா பென்ஷன்ல 20 சதவீதம் கூடும், 85ல 30, 90ல 40, 95ல 50, 100 வயசுல முழு மடங்கு. தேதியே இல்லாத ஒருத்தங்களுக்கு 80 ஆச்சுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பாட்டி 84 வயசுல பழைய தொகையையே வாங்கிட்டு இருக்கும், கேக்கவும் தெரியாது.

அதைவிட முக்கியமானது, வீட்ல மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கறவங்க. மத்தப் பிள்ளைங்களுக்கு வயசு, கல்யாணம், சம்பாத்தியம்னு கணக்கு இருக்கு, சம்பாதிச்சுத் தன்னைப் பாத்துக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அப்பா அம்மா காலத்துக்கப்புறம் ஆயுசு முழுக்க ஃபேமிலி பென்ஷன் உண்டு. அந்தப் பிள்ளை பேரை அப்பா இருக்கும்போதே மெடிக்கல் சர்டிபிகேட்டோட பிபிஓல ஏத்திடலாம். இதைச் செய்யாம விட்டுட்டுப் போயிட்டா, ரெண்டு பேரும் இல்லாத காலத்துல அந்தப் பிள்ளைக்காக ஒரு சித்தப்பாவோ அக்காவோ ஆபீஸ் ஆபீஸா ஏறணும். பட்டாளத்து நண்பர்கள் இதைப் படிச்சா, உங்க பேரு ஸ்பெல்லிங்கை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இதை முடிங்க.

எதைத் திருத்த முடியாது

உங்க சொந்தப் பிறந்த தேதி. சேரும்போது எழுதினதுதான், ரிட்டயர் ஆனப்புறம் ஆதார்ல வேற தேதி இருக்கு, ஜாதகத்துல வேற தேதி இருக்குன்னு போனா நடக்காது, கோர்ட்டும் கடைசி நேரத்துல கேக்கற பிறந்த தேதி மாத்தத்தை ஒத்துக்கறதில்ல. ஆர்மித் தலைமைத் தளபதியா இருந்த ஜெனரல் வி.கே.சிங்குக்கே ஆர்மியோட ஒரு பிரிவு ரெக்கார்டுல 1950, இன்னொரு பிரிவுல 1951ன்னு இருந்துச்சு, 2012ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, கடைசில மனுவை வாபஸ் வாங்கிட்டு 1950 கணக்குப்படியே அந்த வருஷம் மே மாசம் ரிட்டயர் ஆனாரு. தளபதிக்கே அப்படின்னா நமக்கு? இந்த இடத்துல ஆதாரை ரெக்கார்டுக்கு ஏத்த மாதிரி மாத்தறதுதான் வழி. ஒரு தடவைதான் சான்ஸ், அதை இதுக்குச் செலவு பண்ணுங்க.

டிஸெபிலிட்டி சதவீதம், சர்வீஸால வந்த நோயா இல்லையாங்கறது, இதெல்லாம் எழுத்துப்பிழை திருத்தற மாதிரி லெட்டர்ல முடியற கதை இல்ல, மெடிக்கல் போர்டு முடிவு அது, அதுக்கு அப்பீல்னு தனிப் பாதை. மெடல் விட்டுப் போனதுன்னா லெட்டர் போதும், மெடலுக்கான பார்ட் டூ ஆர்டர் இருக்கான்னு ஆர்டிஐல கேட்டுப் பாத்துட்டு எழுதுங்க.

அவர் இல்லாதப்போ

அந்தக்கா கதைக்கு வர்றேன். கணவர் போனப்புறமும் திருத்தலாம், ஆனா பேப்பர் கூடும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கற வாரிசுச் சான்றிதழ், அந்தம்மா பேருல அஃபிடவிட், விளம்பரம், எல்லாம் ஒரே ஸ்பெல்லிங்ல. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும்போதே ஆதார்ல இருக்கற பேரை அப்படியே எழுதுங்க, அங்க ஒரு மூணாவது ஸ்பெல்லிங்கை உருவாக்கிடாதீங்க. மரணத்தை ஸ்பர்ஷ்ல உடனே தெரிவிச்சுருங்க, பேரு திருந்தட்டும்னு அதைத் தள்ளிப் போட்டா அவர் அக்கவுண்டுல பென்ஷன் ஏறிட்டே இருக்கும், எடுத்த பணத்தை அப்புறம் திருப்பிப் பிடிப்பாங்க. அந்தக்காவுக்கு ஜாயின்ட் போட்டோ இருந்தது பெரிய உதவி, யூனிட்ல அட்டெஸ்ட் பண்ணின சீல் அதுல அப்படியே இருந்துச்சு.

எழுதிக் கேட்டும் முடியாதுன்னு சொல்லிட்டா

முடியாதுன்னு எழுத்துல வந்தா அதைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, அதுதான் அடுத்த கதவுக்குச் சாவி. ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007 சட்டத்துல வந்தது, சென்னையில கிளை இருக்கு. கடைசி உத்தரவு வந்த நாள்லேருந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும், மனு கொடுத்து ஆறு மாசமாப் பதிலே இல்லன்னாலும் போகலாம். பென்ஷன் மாதிரி மாசா மாசம் தொடர்ற நஷ்டம்னா லேட்டா போனாலும் கேப்பாங்க, ஆனா சுப்ரீம் கோர்ட் 2008ல தர்செம் சிங் வழக்குல சொன்னபடி, பாக்கித் தொகை பெரும்பாலும் வழக்குப் போட்டதுக்கு முந்தின மூணு வருஷத்துக்குத்தான் கிடைக்கும். இருபது வருஷமா குறைச்சுக் கொடுத்திருந்தாலும் மீதி பதினேழு வருஷம் போனதுதான்.

எழுத்துப்பிழைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டி வர்றது அபூர்வம். சர்வீஸ் காலக் கணக்கு, ரேங்க், சம்பள குரூப் தப்பாப் போட்டு பென்ஷன் குறைஞ்சிருந்தா போக வேண்டி வரலாம், அப்போ வக்கீல் கேக்கற முதல் விஷயம் நீங்க அனுப்பின லெட்டரும் ஸ்பீடு போஸ்ட் ரசீதும்தான்.

அந்தக்கா ஃபைல் இப்போ ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கு, ஒரு தடவை திரும்பி வந்துச்சு, விளம்பரத்துல ஆர்மி நம்பர் விட்டுப் போயிருந்தது. போடச் சொன்னேன், பேப்பர் ஆபீஸ்காரர் எடம் பத்தலன்னு எடுத்துட்டாராம். மறுபடி போட்டு அனுப்பியிருக்கோம். நீங்க விளம்பரம் கொடுத்தா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ப்ரூஃப் காட்டச் சொல்லிக் கேளுங்க.